ஹேட்ரியன் சுவரடி ஊர்களும் என் கணுக்காலும்

இங்கிலாந்தின் வடக்கே, ரோமப் பேரரசர் ஹேட்ரியன் எல்லையில் எழுப்பிய சுவர்ப் பக்கம், கார் இல்லாமல், துணைக்கு ஆள் இல்லாமல் போய்வர நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். நியூகாஸிலுக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்கு அந்த ஆசை. திருச்சியில் பி.ஏ. வரலாறு படித்தவள் நான். பாடத்தில் ரோமாபுரி வந்தால் சீசர் வருவார், அகஸ்டஸ் வருவார், சாமானிய ஜனம் ஒருத்தரும் வரமாட்டார்கள். அந்தச் சாமானியர்கள் குடியிருந்த தெருவே கல்லும் தளமுமாகத் தரைக்கு மேலே கிடக்கிறது, ரயிலேறினால் பக்கத்தில் போய் இறங்கலாம் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. போனேன். கணுக்கால் எலும்பில் கீறல், கையை விட்டுப் போனது ஏறக்குறைய நானூறு பவுண்ட், அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வீட்டுச் சிறை. போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போகும்போது தெரிந்திருக்க வேண்டியவை சில இருக்கின்றன, எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

முதலில் எதைப் பார்க்கப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். சுவரைப் பற்றியும் கோட்டைகளைப் பற்றியும் எழுதியவர்கள் ஏராளம். கி.பி. 122-இல் வேலை தொடங்கியது, கடலிலிருந்து கடல் வரை 117 கிலோமீட்டர் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். எனக்கு வேண்டியிருந்தது கோட்டை வாசலுக்கு வெளியே தானாக முளைத்த ஊர்கள். விக்கஸ் என்பார்கள். ஒரு கோட்டைக்குள் ஐந்நூறு பேரோ ஆயிரம் பேரோ துணைப்படை வீரர்கள், அதாவது பெரும்பாலும் ரோமக் குடியுரிமை இல்லாதவர்கள், எல்லோரும் சம்பளக்காரர்கள், செலவழிக்க வேறு இடமில்லாத மலைக்காடு. சும்மா இருப்பார்களா வியாபாரிகள்? கொல்லன், கசாப்புக்காரன், மதுக்கடைக்காரன், செருப்புத் தைப்பவன் என்று வாசலை ஒட்டியே கடை போட்டார்கள். வீரர்களின் பெண்களும் பிள்ளைகளும் அங்கேதான். மனைவி என்று எழுதாமல் பெண்கள் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் செப்டிமியஸ் செவரஸ் பேரரசர் தளர்த்தும் வரை, பணியில் இருக்கும் வீரன் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. துணைப்படையில் 25 வருஷம் உழைத்து வெளியே வரும்போதுதான் குடியுரிமையும், அதோடு முறையான கல்யாணத்துக்கு உரிமையும். அதுவரை சேர்ந்து வாழ்ந்தவளும் பெற்ற பிள்ளைகளும் கணக்கில் வராதவர்கள். விசாவில் 'டிபெண்டன்ட்' என்று அச்சடித்த அட்டையோடு இந்த நாட்டுக்கு வந்த எனக்கு, அந்தப் பெண்கள் மேல் தனிப்பட்ட ஒரு அக்கறை இருந்ததில் ஆச்சரியமில்லை.

போனது அக்டோபர் பாதி கழிந்த ஒரு வார நாள். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்கு கஃபேயில் ஷிஃப்ட் இல்லாத நாள். நியூகாஸிலிலிருந்து கார்லைல் போகும் ரயில் பாதையில் ஹெக்ஸம் வரை போய், அங்கிருந்து சுவர்ப் பாதை பஸ். சுவர் தொடங்கிய ஆண்டையே அந்தப் பஸ்ஸுக்கு எண்ணாக வைத்திருக்கிறார்கள், 122. எனக்குப் பிடித்த விஷயம் அது. பிடிக்காத விஷயம், கோடையை நம்பி ஓடும் பஸ் அது. பருவம் குறையக் குறைய நடைகளும் குறையும். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே எந்த இடத்தைப் பார்ப்பது என்று யோசிக்கும் முன்னால் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள், அதற்கு முந்தைய பஸ்ஸையே உங்கள் கடைசிப் பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். இதை ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள். போனில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே அங்கே ஆகாது, மேட்டுப் பகுதியில் பல இடங்களில் சிக்னல் வராது.

முதலில் விண்டோலாண்டா. இது சுவருக்கும் மூத்தது. 85-ஆம் ஆண்டு வாக்கிலேயே இங்கே மரக்கோட்டை எழுந்துவிட்டது. ஒன்றை இடித்து அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். மேற்கு வாசல் வழியாக உள்ளே போனால் கோட்டைக்கு முன்னால் முதலில் வருவதே விக்கஸ்தான். என்னோடு பஸ்ஸில் இறங்கியவர்கள் அதைத் தாண்டி நேரே கோட்டைக்கு நடையைக் கட்டினார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். தெருவைப் பார்த்துக் குறுகலான முகப்பு, உள்ளே நீள நீளமாகப் போகும் வீடு. கும்பகோணத்துக் கடைத்தெருவில் முன்னால் கடையும் பின்னால் குடித்தனமுமாக இருக்குமே, அதே கணக்கு. முகப்பு இடத்துக்கு அன்றைக்கும் கிராக்கி இருந்திருக்கிறது. ஓரமாக வடிகால், கொஞ்சம் தள்ளிக் குளியல் கூடம், வெளிப்புறத்தில் கோயிலும் கல்லறையும். இன்று கண்ணில் படும் கல் வீடுகள் பெரும்பாலும் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இந்த ஊர்க்காரர்கள் வல்கன் என்ற நெருப்புக் கடவுளுக்கு வைத்த பலிபீடம் ஒன்று 1914-இல் கிடைத்தது. 'விண்டோலாண்டா ஊரார்' வைத்தது என்றே அதில் வெட்டியிருக்கிறது. படைப்பிரிவின் பெயரும் இல்லை, தளபதியின் பெயரும் இல்லை. யாரோ வீடு வீடாகப் போய் வரி பிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தின் உண்மையான பொக்கிஷம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. பழைய மரக்கோட்டைகளை இடித்துக் களிமண்ணும் புல்தரையும் போட்டு மூடியதால் காற்றுப் புகவில்லை, மரமும் தோலும் மட்காமல் தங்கிவிட்டன. 1973-இல் ராபின் பர்லி என்ற அகழ்வாய்வாளர் இங்கே மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தார். பெரும்பாலும் 100-ஆம் ஆண்டை ஒட்டியவை. எல்லோரும் சொல்வது கிளாடியா செவெரா என்ற தளபதி மனைவி இன்னொரு தளபதியின் மனைவிக்கு அனுப்பிய பிறந்தநாள் அழைப்பு. செப்டம்பர் 11, அவசியம் வா என்று எழுதிவிட்டு, முடிவில் தன் கையாலேயே நாலு வரி சேர்த்திருக்கிறாள். அழகான கடிதம்தான், ஆனால் அது பெரிய வீட்டு விவகாரம். என்னை இழுத்தது ஆக்டேவியஸ் என்பவனின் கடிதம். ஐயாயிரம் படி தானியம் வாங்கியிருக்கிறேன், உடனே ஐந்நூறு தினாரி வெள்ளிக்காசாவது அனுப்பு, இல்லாவிட்டால் கொடுத்த முன்பணம் முந்நூறும் போய் மானமும் போய்விடும் என்று கெஞ்சுகிறான். தோல் மூட்டைகள் வேறு ஊரில் கிடக்கின்றன, போய் எடுத்திருப்பேன், சாலை மோசமாக இருக்கும்போது மாடுகளை வதைக்க மனமில்லை என்கிறான். அன்று சாயங்காலம் என் நிலைமைக்கு அந்த வரி எவ்வளவு பொருந்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

இன்னொன்றில் ஒரு வியாபாரி மனுப் போடுகிறான். என்னைத் தடியால் அடித்தார்கள், ரத்தம் வந்தது, என் சரக்கைக் கொட்டிவிட்டார்கள், தளபதியிடம் சொல்லலாம் என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை, நூற்றுவர் தலைவர்களிடம் சொல்லியும் பலனில்லை. நான் கடல் கடந்து வந்தவன், ஒரு தப்பும் செய்யாதவன். இது வாசலுக்கு வெளியே பிழைப்பவனின் குரல். உள்ளே இருப்பவன் அடித்தால் கேட்க ஆளில்லை. இப்படியும் ஒரு சிட்டை இருக்கிறது: கடன் கணக்கில் காம்பாக்ஸ் என்ற ஆள் பெயருக்கு நேரே மிளகு, இரண்டு தினாரி. மிளகு விளைந்தது நம் சேர நாட்டு மலையில். முசிறியில் கப்பலேறி, எகிப்து வழியாக இத்தனை தூரம் வந்திருக்கிறது. அந்தக் குளிரில் ரசம் வைக்கத் தெரியாதவனுக்குக் கூட மிளகு தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்.

இந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, இங்கே காட்சிக்கு வைத்திருப்பவை குறைவு. ஆனால் இங்கே உள்ள செருப்புகளுக்காகவே வரலாம். ஐயாயிரத்துக்கும் மேல் தோல் செருப்புகள் கிடைத்திருக்கின்றன, பெண்களுடையவை, குழந்தைகளுடையவை உட்பட. அவற்றில் சில, வீரர்கள் தங்கிய கொட்டடிகளுக்குள்ளேயே கிடைத்ததால், குடும்பங்கள் முழுக்க வெளியேதான் இருந்தன என்ற பழைய கணக்கையே ஆய்வாளர்கள் திருத்தவேண்டி வந்தது. மியூசியம் பள்ளத்தில் இருக்கிறது. இறங்குவது சுலபம், திரும்ப ஏறுவதற்கு மூச்சு வாங்கும், பஸ்ஸைப் பிடிக்க அந்த ஏற்றத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். விண்டோலாண்டாவுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். அதோடு இன்னொரு இடத்தைச் சேர்த்துப் போட்டுக்கொடுக்கும் பயணத் திட்டங்கள் எல்லாம் காரில் போகிறவர்களுக்கு எழுதியவை.

மதியத்துக்கு மேல் சுவரை ஒட்டிய இன்னொரு கோட்டையான ஹவுஸ்டெட்ஸுக்குப் போனேன். சாலையோர நிறுத்தத்திலிருந்து அரை மைல் மேட்டில் ஏறவேண்டும். மழை என்று சொல்ல முடியாது, முகத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும் ஒரு ஈரம், அதோடு காற்று. குடை ஒரு நிமிஷம் கூடத் தாங்காது. தலையை மூடும் மழைக்கோட்டுதான் சரி. இங்கே ஊர் கோட்டையின் தெற்கு வாசலுக்கு வெளியே சரிவில் இருக்கிறது. மேலே தெரியும் வீடுகள் கொஞ்சம்தான், மீதி புல்லுக்கு அடியில் மேடு பள்ளமாகத் தெரியும். ஒரு கடையின் வாசற்கல்லில் நீளவாக்கில் வெட்டிய பள்ளத்தைப் பார்த்தேன். பலகைகளை ஒவ்வொன்றாக அதில் தள்ளி நிறுத்திக் கடையை அடைப்பார்கள். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி ராத்திரி நம்பர் போட்ட பலகைகளைச் சொருகி அடைப்பது அதே ஏற்பாடுதான். குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன், மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

அதற்குப் பக்கத்தில்தான் கொலை வீடு. 1930-களில் தோண்டியபோது உள்தளத்துக் களிமண்ணுக்கு அடியில் இரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒன்று ஆண், விலா எலும்பில் கத்தி முனை ஒடிந்து நிற்கிறது. இன்னொன்று பெண்ணாக இருக்கலாம் என்கிறார்கள். ரோமானியச் சட்டப்படி பிணத்தை ஊருக்கு வெளியேதான் புதைக்க வேண்டும். வீட்டுக்குள் புதைத்து மேலே தளம் பூசியிருக்கிறார்கள் என்றால் மறைப்பதற்குத்தான். கள்ள நாணயம் வார்க்கும் அச்சும் இந்த ஊரில் அகப்பட்டிருக்கிறது. கோட்டைக்குள் ஒழுங்கு, வெளியே யார் எதைச் செய்தார்கள் என்று கணக்கெடுக்க ஆள் இல்லை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு தெற்கு வாசலை நோக்கித் திரும்பியபோதுதான் இடது கால் பாசி படிந்த கல்லில் வழுக்கி இரண்டு கல்லுக்கு நடுவே மடங்கியது. நல்ல பிடிமானமுள்ள வாக்கிங் ஷூதான் போட்டிருந்தேன். அந்தக் கல்லுக்கு எந்த ஷூவும் ஒன்றுதான். ஏறும்போது கல்லைத் தொடாமல் புல்லிலேயே நடங்கள், ஒரு ஊன்றுகோல் கையில் இருக்கட்டும். வயதானவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், அங்கே இளைஞர்கள் எல்லாம் வைத்திருந்தார்கள், ஏன் என்று அப்போது விளங்கியது.

வலியை விட பயம் பெரிதாக இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஆட்டு மந்தை. போன் விழுந்து கண்ணாடி சிலந்திவலையாக உடைந்திருந்தது, வேலை செய்தது, ஆனால் சிக்னல் இல்லை. இங்கே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 999-க்கு அழைத்தால் உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு எந்தக் கம்பெனி சிக்னல் கிடைத்தாலும் அதில் போகும். பேச முடியாத அளவு மோசமான சிக்னல் என்றால் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிந்துவைத்திருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை அது. நான் 999-ஐ அழைக்கவில்லை. கால் தானே, இதற்குப் போய் ஆம்புலன்ஸா என்ற தயக்கம், நம் ஊர்ப் பெண்களுக்கு வரும் அந்தத் தயக்கம். உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். நாயோடு வந்த ஒரு வயதான தம்பதி பார்த்து, ஆளுக்கொரு பக்கம் தாங்கி, அங்கே வேலை செய்பவர்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். சூடாக டீ கொடுத்தார்கள், லேண்ட்லைனில் டாக்ஸிக்குச் சொன்னார்கள். அந்தத் தம்பதிக்கு நான் சரியாக நன்றி கூடச் சொல்லவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

டாக்ஸி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஹெக்ஸம் வரை 45 பவுண்ட். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, அந்த டிரைவரிடம் கார்டு மெஷின் இல்லை. ரயிலுக்கு நான் வாங்கியிருந்தது மலிவு விலை அட்வான்ஸ் டிக்கெட். குறித்த ரயிலுக்கு மட்டும்தான் அது செல்லும், அது போய்விட்டிருந்தது. புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று. சுவர்ப் பக்கம் போகும்போது இரண்டு மூன்று பவுண்ட் மிச்சம் பார்க்காமல், எந்த ரயிலிலும் ஏறக்கூடிய ரிட்டர்ன் டிக்கெட்டே வாங்கிவிடுங்கள். ஹெக்ஸம் ஸ்டேஷனில் சிக்னல் வந்ததும் போன் அலறியது. "எங்கம்மா இருக்க? எத்தனை தடவ அடிக்கிறது?" என்றார் வீட்டுக்காரர். "நீங்க பயப்படாதீங்க, கால் கொஞ்சம் பிசகிடுச்சு, அவ்ளோதான்" என்று ஆரம்பித்து அதற்கு மேல் பேச வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நள்ளிரவு தாண்டும் வரை காத்திருப்பு. எக்ஸ்ரேயில் வெளிப்பக்க எலும்பில் சின்னக் கீறல், கூடவே தசைநார் கிழிசல். முழங்கால் வரை வரும் கறுப்பு பூட் ஒன்றை மாட்டிவிட்டார்கள். விசா எடுக்கும்போதே ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருந்ததால் சிகிச்சைக்கு ஒரு பைசா கேட்கவில்லை. ஆனால் விசிட்டர் விசாவில் வரும் அப்பா அம்மாவை அங்கே கூட்டிப்போவதாக இருந்தால் பயணக் காப்பீடு இல்லாமல் அழைத்துப் போகாதீர்கள். அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம், வார்டில் சேர்த்துவிட்டால் பில் வரும். என் செலவில் பெரியது சம்பளம்தான். மணிக்கணக்கு வேலை, போகாத நாளுக்குக் காசு கிடையாது. டாக்ஸி, ரயில், போன் கண்ணாடி, போன ஷிஃப்ட்டுகள் எல்லாம் கூட்டித்தான் அந்த நானூறு. அம்மாவிடம் கொஞ்ச நாள் மறைத்தேன். தெரிந்ததும் "ராணுவக் கோட்டைக்கு வெளியில உனக்கு என்னடி வேலை?" என்று கேட்டாள். அதையேதான் ரோமானியத் தளபதிகளும் அந்தப் பெண்களைப் பார்த்துக் கேட்டிருப்பார்கள் போல.

பூட்டைக் கழற்றிய பிறகு முதலில் போனது சவுத் ஷீல்ட்ஸ். நியூகாஸிலிலிருந்து மெட்ரோவிலேயே போகலாம், மேடு இல்லை, பஸ் இல்லை. ஆர்பியா என்ற கோட்டை வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. குளிர்காலத்தில் மூடியிருக்கும், திறக்கும் மாதம் பார்த்துப் போங்கள். அங்கே ரெஜினாவின் கல்லறைக்கல் இருக்கிறது. கட்டுவெல்லானி என்ற தென் பிரிட்டானிய இனத்துப் பெண், அடிமையாக இருந்தவள். பாரட்டெஸ் என்ற சிரியாவின் பல்மைராக்காரன் விடுதலை கொடுத்துக் கட்டிக்கொண்டான். முப்பது வயதில் செத்துப்போனாள். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் நூற்கும் கதிர், ஒரு பக்கம் கம்பளி உருண்டைக் கூடை, மறுபக்கம் நகைப்பெட்டி. முகம் மட்டும் சிதைந்திருக்கிறது. மேலே லத்தீன் பிழைகளோடு இருக்கிறது, அடியில் பல்மைரா எழுத்தில் ஒரே வரி, அதில் கை தடுமாறவே இல்லை: பாரட்டெஸ் விடுவித்த ரெஜினா, ஐயோ. புருஷன் ஊர் ஒரு மூலை, பெண்டாட்டி ஊர் ஒரு மூலை, பிழைப்பு இன்னொரு மூலையில். கார்பிரிட்ஜில் பாரட்டெஸ் என்ற பல்மைராக்காரனின் கல்லறைக்கல் ஒன்று இருக்கிறது, 68 வயதில் இறந்தவன். இவனே அவன் என்று சிலர் சொல்கிறார்கள், இருக்கலாம்.

ஆகவே கார் இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: நியூகாஸிலுக்குள்ளேயே இருக்கும் கிரேட் நார்த் மியூசியம், கட்டணம் இல்லை, சுவரின் நீளமான மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தால் இடங்களின் தூரம் மனசில் பதியும். அடுத்து சவுத் ஷீல்ட்ஸ். அடுத்து கார்பிரிட்ஜ், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், இடமும் ஓரளவு சமதளம், கோட்டையாகத் தொடங்கி முழு ஊராகவே மாறிய இடம். விண்டோலாண்டாவுக்கு மே முதல் செப்டம்பருக்குள் ஒரு முழு நாள். ஹவுஸ்டெட்ஸுக்கு இன்னொரு நாள், அதுவும் முந்தைய நாள் மழை பெய்யாமல் இருந்தால். மேட்டில் தங்கிப் பார்க்க விரும்பினால் ஒன்ஸ் புரூட் என்ற இடத்தில் இளைஞர் விடுதி இருக்கிறது, விண்டோலாண்டாவுக்கு நடக்கும் தூரம். வரும் ஜூனில் நாங்கள் இருவரும் அங்கேதான் இரண்டு ராத்திரி தங்கப் போகிறோம். இந்தத் தடவை வீட்டுக்காரர் லீவு எழுதிக்கொடுத்த பிறகுதான் ரூம் போட்டேன்.